சவ்வுப் புரதப் படம்: எந்த வட்டம் எந்தப் பக்கம்?

புரதங்களைப் படமாக வரையும் ப்ராட்டர் என்ற இணையக் கருவியைத் திறந்து பி07550 என்ற எண்ணை (யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்தின் எண்) இட்டால் சில நொடிகளில் ஒரு படம் வந்து நிற்கும். மனித பீட்டா-2 அட்ரினர்ஜிக் ஏற்பி, அதாவது செல்லின் சவ்வில் இருந்து அட்ரினலினை உணரும் புரதம். அதன் 413 அமினோ அமிலங்களும் ஆளுக்கொரு வட்டமாகக் கோக்கப்பட்டு, சவ்வை ஏழு முறை கடந்து பாம்புபோல் நெளியும். துறையில் இதை ‘ஸ்நேக் பிளாட்’ என்பார்கள். பாம்புப் படம் என்றே இங்கே சொல்லலாம். படம் அழகாகத்தான் இருக்கும். அதில் ஆர்ஜினின் 131-ஐ, அதாவது 131-ஆம் இடத்து அமினோ அமிலத்தை, தேடிப் பாருங்கள். சவ்வின் அடிக்கோட்டுக்கு வெளியே, இரண்டாம் உள்வளையத்தில் (இரண்டு கடப்புகளை இணைத்துச் செல்லுக்குள் தொங்கும் துண்டு) கிடக்கும். ஆனால் 2007-இல் வெளியான படிக அமைப்பில் (எக்ஸ் கதிரால் கண்டறிந்த முப்பரிமாண வடிவம்) அதே ஆர்ஜினின், சவ்வைக் கடக்கும் ஏழு ஆல்ஃபா சுருள்களில் மூன்றாம் சுருளின் ஒரு பகுதி; அந்தச் சுருள் 136 வரை கலையாமல் ஓடுகிறது.

கருவியும் தப்பு செய்யவில்லை, யூனிப்ராட்டும் தப்பு செய்யவில்லை. யூனிப்ராட் சொல்வது, மூன்றாவது கடப்புப் பகுதி 107 முதல் 129 வரை என்பது. சவ்வுக்குள் இருக்கும் நீளம் மட்டுமே அது. சுருள் எங்கே முடிகிறது என்பது வேறு கேள்வி. சுருள்கள் சவ்வோடு நின்றுவிடுவதில்லை, கரையேறிச் சில திருப்பங்கள் போகும். பாம்புப் படமோ இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரே கோட்டால் விடை சொல்லிவிடுகிறது: கோட்டுக்குள் இருப்பது சுருள், வெளியே இருப்பது வளையம். பார்ப்பவர் அப்படித்தான் படிப்பார்.

இந்த ஏற்பியில் அதன் விலை அதிகம். ஆர்ஜினின் 131-உம் ஆறாம் சுருளின் குளூட்டமிக் அமிலம் 268-உம் சேர்ந்ததுதான் ஜி-புரத ஏற்பிகள் என்ற இதன் குடும்பத்தில் ‘அயனிப் பூட்டு’ என்று பேசப்படும் இணை. ஏற்பி ஓய்வில் இருக்கும்போது மூன்றாம் சுருளையும் ஆறாம் சுருளையும் அடியில் பிடித்து வைப்பது அது என்பது கருத்து. (2007-இன் படிகத்தில் இவை இரண்டும் தொடாமல் விலகியே இருந்தன என்பது தனிக் கதை.) யூனிப்ராட் எல்லைப்படி ஆறாவது கடப்புப் பகுதி 275-இல்தான் தொடங்குகிறது; படிகத்தில் ஆறாம் சுருள் 267 வாக்கிலேயே தொடங்கிவிடுகிறது. ஆக, தானாக வரும் படத்தில் பூட்டின் இரண்டு பாதியும் தளர்ந்த வளையத்தில் மிதப்பதுபோல் தெரியும். பூட்டைப் பற்றிய கட்டுரைக்கு அந்தப் படத்தை அப்படியே போட்டால் உரை ஒன்று சொல்லும், படம் இன்னொன்று சொல்லும்.

மென்பொருள் வட்டங்களை அடுக்கும். எந்த வட்டம் எங்கே என்பதை வரைபவர்தான் தீர்மானிக்க வேண்டும். இந்த வேலையின் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்தத் தீர்மானத்தைக் கருவியிடம் விட்டுவிடுவதால் வருபவை.

எல்லைகள் எங்கிருந்து வருகின்றன

சவ்வின் நீர்வெறுக்கும் நடுப்பகுதி ஏறக்குறைய 30 ஆங்ஸ்ட்ராம் தடிமன். ஆல்ஃபா சுருளில் ஒவ்வொரு அமினோ அமிலமும் 1.5 ஆங்ஸ்ட்ராம் உயர்த்தும். வகுத்தால் 20. சுருள் சாய்ந்து போனால் இன்னும் சில கூடும். அமினோ அமில வரிசையிலிருந்து கடப்புச் சுருள்களைக் கணிக்கும் கருவிகளுக்கு இந்தக் கணக்குதான் தொடக்கம். 1982-இல் கைட், டூலிட்டில் இருவரும் ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் ஒரு நீர்வெறுப்பு மதிப்பு கொடுத்தார்கள்: ஐசோலூசினுக்கு 4.5, ஆர்ஜினினுக்கு மைனஸ் 4.5, மற்றவை இடையில். 19 அமினோ அமிலம் நீளமுள்ள சன்னலை வரிசைமேல் நகர்த்தி, சராசரி 1.6-ஐத் தாண்டும் இடங்களைக் கடப்புப் பகுதி என்று குறித்தார்கள். ஒரு விரிதாளில் அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். புதிய கருவி சொல்வதில் ஐயம் வந்தால் இன்றும் முதலில் செய்து பார்க்க வேண்டியது இதுதான்.

எந்தப் பக்கம் உள்ளே, எந்தப் பக்கம் வெளியே என்பதற்கு குன்னார் வான் ஹெய்னே 1986-இல் காட்டிய விதி இருக்கிறது: நேர்மின்னூட்டம் கொண்ட லைசினும் ஆர்ஜினினும் உள்பக்க வளையங்களில் குவியும். பீட்டா-2 ஏற்பியில் எண்ணிப் பாருங்கள். யூனிப்ராட் எல்லைகளின்படி முதல் உள்வளையத்தில் 2, இரண்டாவதில் 4, மூன்றாவதில் 13, மொத்தம் 19. மூன்று வெளிவளையங்களிலும் சேர்த்து 4 மட்டுமே. படம் தலைகீழாக வந்திருந்தால் இந்த எண்ணிக்கையே காட்டிக்கொடுத்துவிடும்.

2001-இல் வந்த டிஎம்எச்எம்எம் என்ற கணிப்பு நிரல் இந்த இரண்டு அறிகுறிகளையும் ஒரே நிகழ்தகவு மாதிரிக்குள் வைத்தது. அதன் பெயர்போன பலவீனம், புரதத்தின் தொடக்கத்தில் இருந்து பின்னால் வெட்டி எறியப்படும் சிக்னல் பெப்டைடைக் கடப்புச் சுருள் என்று எண்ணிவிடுவது. அதுவும் நீர்வெறுக்கும் துண்டு என்பதால் குழப்பம் இயல்பானது. 2004-இன் ஃபோபியஸ் இரண்டையும் சேர்த்தே கணித்து இதைப் பெருமளவு சரிசெய்தது. ப்ராட்டர் பின்னணியில் நம்புவது யூனிப்ராட் குறிப்புகளையும் ஃபோபியஸ் கணிப்பையும்தான். 2022-இன் டீப்டிஎம்எச்எம்எம், சுருளால் ஆனவற்றோடு பீட்டா பீப்பாய்களையும் (சுருளுக்குப் பதில் நீட்டிய இழைகள் பீப்பாய்போல் சுற்றி நிற்கும் புரதங்கள்) சேர்த்துக் கையாள்கிறது.

இங்கே ஒரு எளிய எண்கணிதத்தை மறக்கக் கூடாது. ஒரு கடப்புப் பகுதியைக் கூடுதலாகவோ குறைவாகவோ எண்ணினால் அதற்குப் பிந்தைய எல்லாம் பக்கம் மாறிவிடும். கடைசி முனை வெளியே போய் நிற்கும். உள்ளே பாஸ்பேட் ஏறும் செரீன்கள் செல்லுக்கு வெளியே காட்சி தரும். இது கண்ணில் படும், பிடித்துவிடலாம். இரண்டு பகுதிகளைக் கூடுதலாக எண்ணினால்தான் ஆபத்து: இரு முனைகளும் சரியான பக்கத்திலேயே இருக்கும், தவறு நடுவில் ஒளிந்துகொள்ளும்.

அக்வாபோரின்-1 இதற்குப் பொருத்தமான பாடம். 269 அமினோ அமிலங்கள் கொண்ட நீர்க்கால்வாய். சவ்வை முழுதாகக் கடக்கும் சுருள்கள் ஆறு. அவை தவிர இரண்டு வளையங்கள், ஒன்று உள்ளிருந்தும் மற்றொன்று வெளியிலிருந்தும், சவ்வின் பாதிவரை வந்து வந்த பக்கமே திரும்பிவிடுகின்றன. இரண்டிலும் அஸ்பரஜின்-புரோலின்-அலனின் என்ற மும்மை இருக்கிறது: ஒன்று 76-இல் தொடங்குவது, இன்னொன்று 192-இல். இரண்டும் சவ்வின் நடுவில் எதிரெதிரே சந்தித்து நீர் போகும் குறுகிய துளையை அமைக்கின்றன. மணற்கடிகார மாதிரி என்ற பெயர் அதனால் வந்தது. கணிப்புக் கருவி இந்த அரைச் சுருள்களை முழுக் கடப்பாக எண்ணினால் எட்டு வரும். எட்டும் இரட்டைப்படைதான். அமினோ முனையும் (சங்கிலியின் தொடக்கம்) கார்பாக்சில் முனையும் (அதன் முடிவு) உண்மையில் இருப்பதுபோலவே உள்ளே நிற்கும். படம் ஒழுங்காக இருப்பதாகத் தோன்றும், நடுவில் இருப்பதெல்லாம் பிழை. இரண்டையும் விட்டுவிட்டால் ஆறு; முனைகளும் பக்கங்களும் சரி. ஆனால் புரதத்தின் வேலையே நடக்கும் இடம் வெறும் வளையமாகத் தொங்கும். பாதரசம் ஒட்டி நீரோட்டத்தை அடைக்கும் சிஸ்டீன் 189, துளையிலிருந்து வெகுதூரம் தள்ளி வெளிவளையத்தில் நிற்பதுபோல் தெரியும்.

இப்படிப்பட்ட புரதத்துக்கு ஆறு கடப்புகளை மட்டும் கருவிக்குக் கொடுத்து, எஸ்விஜி கோப்பாக (ஒவ்வொரு வடிவத்தையும் தனியே நகர்த்தக்கூடிய படக் கோப்பு) இறக்கி, அரைச் சுருள்கள் இரண்டையும் வரைகலை மென்பொருளில் கையால் சவ்வுக்குள் மடித்து வைப்பதே நேர்வழி. முப்பது நாற்பது வட்டங்களை நகர்த்தும் வேலைதான்.

வரைவது: ஒரு ஏற்பி, முதலிலிருந்து

பீட்டா-2 ஏற்பிக்கே வருவோம். முதலில் வரிசை. இந்த ஏற்பியில் 16-ஆம் இடத்தில் சிலருக்கு ஆர்ஜினின், சிலருக்கு கிளைசின். 27-இல் குளூட்டமின் அல்லது குளூட்டமிக் அமிலம். இரண்டும் மக்களிடையே பரவலாக உள்ள வேறுபாடுகள். ஆய்வகத்தில் வைத்திருக்கும் பிளாஸ்மிட் (மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம்) எந்த வகை என்று பார்த்து, தேவையானால் யூனிப்ராட் எண்ணுக்குப் பதில் சொந்த வரிசையை ஒட்டுங்கள். புரதத்தைப் பிரித்துச் சுத்தம் செய்வதற்காக முன்னால் சேர்த்த கூடுதல் துண்டுகளான குறிச்சொற்கள் அந்த வரிசையில் இருந்தால் எண்கள் எல்லாம் அத்தனை இடம் தள்ளிப்போகும். குறிச்சொல்லை நீக்கிவிட்டு ஒட்டுவது நல்லது.

அடுத்து எல்லைகள். தானியங்கித் தேர்வை விட்டுவிட்டு எண்களைக் கையால் கொடுங்கள். யூனிப்ராட் தருபவை: 35–58, 72–95, 107–129, 151–174, 197–220, 275–298, 306–329. சவ்வு எங்கே என்பது கேள்வியானால் இவை போதும். சுருள் எங்கே என்பது கேள்வியானால் படிக அமைப்பிலிருந்து எடுங்கள். இரண்டையும் ஒரே படத்தில் காட்ட ஒரு வழி உண்டு: எல்லைகளை யூனிப்ராட்டின்படி வைத்துவிட்டு, கரைக்கு வெளியே நீளும் சுருள் பகுதியின் வட்டங்களுக்குத் தனி வெளிக்கோட்டு நிறம் கொடுப்பது. ஆர்ஜினின் 131 சவ்வுக்கு வெளியேதான் இருக்கும். ஆனால் சுருளைச் சேர்ந்தது என்பது பார்த்தவுடன் தெரியும்.

அமினோ முனை வெளியே என்பதை வெளிப்படையாகத் தேர்ந்தெடுங்கள். படத்தில் மேல்பக்கம் செல்லுக்கு வெளியே, கீழ்ப்பக்கம் சைட்டோபிளாசம் என்பது இன்றைய வழக்கம். கண்ணின் ஒளி ஏற்பியான ரொடாப்சின் துறையின் பழைய படங்கள் பலவற்றில் சைட்டோபிளாசம் மேலே இருக்கும். தவிர, அங்கே எதிர்ப்பக்கம் என்பது செல்லுக்கு வெளியே அல்ல, ரொடாப்சின் பதிந்திருக்கும், செல்லுக்குள் அடுக்கிய சவ்வுத் தட்டின் உள்வெளி. பழைய படத்தோடு ஒப்பிடும் கட்டுரையில் இரண்டு கரைகளுக்கும் பெயர் எழுதாமல் விட்டால் வாசகர் தலைகீழாகப் படிப்பது உறுதி.

பிறகுதான் நிறம். ப்ராட்டரில் ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு வடிவம், ஒரு எழுத்து நிறம், ஒரு பின்னணி நிறம் என்று வரிவரியாகக் கொடுக்கலாம். எண்ணைக் கொடுத்தோ, வரிசையில் வரும் ஒரு தொடரைக் கொடுத்தோ, யூனிப்ராட் குறிப்பைப் பெயர் சொல்லியோ வட்டங்களைப் பிடிக்கலாம். தொடரைக் கொண்டு பிடிப்பதில்தான் பெரும்பாலும் இடறுவார்கள். சர்க்கரைச் சங்கிலி ஏறும் இடத்துக்கான தொடர் எல்லாருக்கும் தெரியும்: அஸ்பரஜின், அடுத்து புரோலின் தவிர எதுவும், அதற்கடுத்து செரீன் அல்லது திரியோனின். இதைத் தேடச் சொன்னால் பீட்டா-2 ஏற்பியில் ஆறு இடங்கள் கிடைக்கும்: 6, 15, 187, 244, 405, 409. முதல் மூன்றும் வெளிப்பக்கத்தில் இருக்கின்றன, சர்க்கரை ஏறுபவை. 244 மூன்றாம் உள்வளையத்தில், 405-உம் 409-உம் கார்பாக்சில் வாலில். சர்க்கரை ஏற்றும் நொதி வேலை செய்வது எண்டோபிளாச வலையின் உட்புறத்தில். சைட்டோபிளாசப் பக்கத்து அஸ்பரஜின்கள் அதன் கைக்கு எட்டாதவை. ஆனால் படத்தில் ஆறும் ஒரே பச்சையில் மின்னும். எனவே தொடரைக் கொண்டு தேடி, கிடைத்ததை எண்களாகச் சுருக்கி, எண்களைக் கொண்டே நிறம் கொடுங்கள்.

டைசல்ஃபைடு பிணைப்புகள் (இரண்டு சிஸ்டீன்களைக் கட்டும் கந்தகப் பிணைப்புகள்) இரண்டு: சிஸ்டீன் 106–191, 184–190. முதலாவது மூன்றாம் சுருளின் மேல்முனையை இரண்டாம் வெளிவளையத்தோடு கட்டுகிறது. இரண்டாவது அந்த வளையத்துக்குள்ளேயே முடிகிறது. இரண்டுக்கும் ஒரே நிறம் கொடுத்து நான்கு வட்டங்களைப் பூசினால் யார் யாரோடு என்பது தெரியாது. கோடு வரைய வேண்டும், அது பெரும்பாலும் கைவேலை.

மருந்து ஒட்டும் இடத்தைக் காட்டும்போது பாம்புப் படத்தின் அடிப்படைக் குறை வெளிப்படும். அஸ்பார்டிக் அமிலம் 113 மூன்றாம் சுருளில், அஸ்பரஜின் 312 ஏழாவதில். அட்ரினலின் போன்ற மூலக்கூறின் நைட்ரஜனை இரண்டும் சேர்ந்தே பிடிக்கின்றன. படத்தில் இரண்டுக்கும் நடுவே மூன்று சுருள்கள். உண்மையில் ஏழு சுருள்களும் கட்டுப்போல் வளைந்து நிற்கின்றன, முதலாவதும் ஏழாவதும் பக்கத்துப் பக்கம். தட்டையாக விரித்த படம் இதைச் சொல்லாது, சொல்லவும் முடியாது. அருகாமைதான் சேதி என்றால் பக்கத்திலேயே மேலிருந்து பார்க்கும் சிறு சக்கரப் படம் ஒன்றைச் சேருங்கள். சுருளில் ஒவ்வொரு அடுத்த அமினோ அமிலமும் 100 பாகை திரும்பும் என்பதை வைத்து வரைவது அது.

எண்களிலும் ஒரு முடிவு வேண்டும். ஒரே ஏற்பியைப் பற்றி மட்டும் பேசினால் வரிசை எண் போதும். பல ஏற்பிகளை ஒப்பிட்டால் பாலெஸ்டெரோஸ்–வைன்ஸ்டைன் எண் தேவை. ஒவ்வொரு சுருளிலும் குடும்பம் முழுக்க மிக அதிகம் மாறாமல் இருக்கும் அமினோ அமிலத்துக்கு 50 என்று வைத்து, அதிலிருந்து முன்னும் பின்னும் எண்ணுவது அது. பீட்டா-2-இல் ஆர்ஜினின் 131 என்பது 3.50, புரோலின் 323 என்பது 7.50. அப்படியானால் அஸ்பார்டிக் அமிலம் 113 என்பது 3.32, அஸ்பரஜின் 312 என்பது 7.39, குளூட்டமிக் அமிலம் 268 என்பது 6.30. இந்தக் குடும்பத்துக்கு மட்டும் என்றால் ஜிபிசிஆர்டிபி தரவுத்தளமே பாம்புப் படங்களை இந்த எண்ணோடு தருகிறது, சுருள்களின் நீளத்தையும் படிக அமைப்புகளை ஒட்டியே வைக்கிறது. ஜி-புரத ஏற்பியை வரைபவர் ப்ராட்டருக்குப் போகும் முன் அங்கே பார்ப்பதே மேல். ப்ராட்டரின் பலம் வேறு இடத்தில்: எந்தச் சவ்வுப் புரதமானாலும் வரையும், நிறைநிறமாலைமானியில் கிடைத்த பெப்டைடுகளையும் நொதி வெட்டும் இடங்களையும் புரதத்தின் மேல் பதித்துக் காட்டும். 2014-இல் சூரிச்சிலிருந்து அது வெளிவந்தபோது முதன்மை நோக்கமும் அதுவே.

லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் பழகியவர்களுக்கு 2000-இல் எரிக் பைட்ஸ் எழுதிய டெக்ஸ்டோப்போ என்ற துணைத் தொகுப்பு இன்னும் கைகொடுக்கும். படம் முழுவதும் உரைக் கோப்பில் சில வரிக் கட்டளைகளாக இருப்பதால் எட்டு மாதம் கழித்து ஆய்விதழின் நடுவர் ஒரு மாற்றம் கேட்டால் ஒரு வரியைத் திருத்தி மறுபடி ஓட்டிவிடலாம். வரிசை ஒப்பீட்டிலிருந்து, மாறாத இடங்களைத் தானாக நிழலிடும். சக்கரப் படமும் போடும். சுட்டியால் இழுத்து நகர்த்திப் பழகியவர்களுக்கு முதல் நாள் கசக்கும், அவ்வளவுதான்.

எட்டாவது சுருளை மறந்துவிடாதீர்கள். ஏழாவது முடிந்தவுடன் சவ்வின் அடிப்பரப்பை ஒட்டிப் படுத்துக்கிடக்கும் சிறு சுருள் அது. அதன் முடிவை ஒட்டியுள்ள சிஸ்டீன் 341-இல் ஒரு பால்மிட்டிக் கொழுப்புச் சங்கிலி ஏறிச் சவ்வில் நங்கூரம் போடுகிறது. கடப்புப் பகுதி அல்ல என்பதால் கருவி இதை வாலின் தொடக்கமாகக் கீழ்நோக்கித் தொங்கவிடும். கையால் கிடைமட்டமாகத் திருப்பி, சிஸ்டீனிலிருந்து சவ்வுக்குள் ஒரு நெளிகோடு போட்டால்தான் படம் பேசும்.

அச்சில் எவ்வளவு பெரிதாக வரும்

இதைக் கடைசி நாளில் யோசிப்பதால் வீணாகும் படங்கள் ஏராளம். ஒரு சுருளுக்கு நான்கு வட்ட அகலம், சுருள்களுக்கு நடுவே ஒரு வட்டம், ஓரங்களில் வால்களுக்கு மொத்தம் எட்டு என்று வைத்தால் ஏழு சுருள் ஏற்பிக்கு 42 வட்ட அகலம் வேண்டும். ஆய்விதழின் ஒற்றைப் பத்தி 85 மில்லிமீட்டர் என்றால் ஒரு வட்டத்துக்கு 2 மில்லிமீட்டர். அதற்குள் எழுத்து ஏறக்குறைய 5 புள்ளி அளவில்தான் நிற்கும். பல இதழ்களின் கீழ்வரம்பே அவ்வளவுதான். முழுப் பக்க அகலமான 180 மில்லிமீட்டரில் வட்டம் 4 மில்லிமீட்டரைத் தாண்டும், எழுத்தும் வசதியாக உட்காரும். ஒற்றைப் பத்திதான் கிடைக்கும் என்றால் எழுத்துகளை எடுத்துவிட்டு வெறும் வட்டங்களாக விடுங்கள். பேச வேண்டிய பத்துப் பன்னிரண்டு இடங்களுக்கு மட்டும் வெளியே கோடு இழுத்துப் பெயர் எழுதினால் போதும்.

நீண்ட வளையங்களும் வால்களும் இடத்தைத் தின்னும். பீட்டா-2-இன் மூன்றாம் உள்வளையம் 54 அமினோ அமிலம், வால் 84. முழுவதும் வரையாமல் நடுவை வெட்டி, விடுபட்டவை இத்தனை என்று ஒரு எண் போடுவது கௌரவக் குறைவு அல்ல. இன்னும் ஒரு படி மேலே போனால், சில புரதங்களுக்குப் பாம்புப் படமே பொருந்தாது. வளர்ச்சிக் காரணி ஏற்பியான இஜிஎஃப்ஆர் 1210 அமினோ அமிலம். சவ்வுக்குள் இருப்பவை 23 மட்டுமே. வெளியே 621 வட்டங்களையும் உள்ளே 542 வட்டங்களையும் சுருட்டிச் சுருட்டி வரைந்து யாருக்கு என்ன பயன்? பகுதிகளைப் பெட்டிகளாக, நீளத்தை அளவுக்கு ஏற்ப வரைந்தால் வேலை முடிந்தது.

இஜிஎஃப்ஆர் எண்களிலும் ஒரு பொறி இருக்கிறது. முதல் 24 அமினோ அமிலங்கள் வெட்டி எறியப்படும் சிக்னல் பெப்டைடு. பழைய கட்டுரைகள் வெட்டிய பின் எண்ணின. இன்றைய வழக்கம் வெட்டாமல் எண்ணுவது. பழைய லைசின் 721-உம் புதிய லைசின் 745-உம் ஒன்றே. ஒளியால் இயங்கும் நுண்ணுயிர்ப் புரதமான பாக்டீரியோரொடாப்சினில் இதே கதை 13 இடங்களுக்கு: ரெட்டினல் என்ற ஒளியை உறிஞ்சும் மூலக்கூறு ஒட்டியிருக்கும் லைசினை எல்லாரும் 216 என்பார்கள், யூனிப்ராட் வரிசையில் அது 229. கருவிக்கு 216 என்று கொடுத்தால் அது மறுபேச்சின்றி வேறொரு வட்டத்தைச் சிவப்பாக்கும். நிறம் பூசிய ஒவ்வொரு வட்டத்திலும் எதிர்பார்த்த அமினோ அமிலத்தின் எழுத்துதான் இருக்கிறதா என்று ஒருமுறை கண்ணால் சரிபார்த்தால் இந்தப் பிழை கண்ணுக்குத் தப்பாது.

கோப்பை எஸ்விஜி அல்லது பிடிஎஃப் ஆகவே இறக்குங்கள். பிக்சல் படமாக இறக்கினால் பின்னால் ஒரு வட்டத்தைக்கூட நகர்த்த முடியாது. இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்ததும் தொகுப்பைக் கலைத்தால் ஒவ்வொரு வட்டமும் எழுத்தும் தனித்தனிப் பொருளாகும். வேறு கணினியில் திறக்கும்போது எழுத்துரு மாறி எழுத்துகள் வட்டத்தைவிட்டு நழுவினால், மூலக் கணினியிலேயே எழுத்தைப் பாதைகளாக மாற்றிச் சேமியுங்கள். மாற்றாத பிரதி ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரு எழுத்தைத் திருத்தக்கூட முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். சிவப்பையும் பச்சையையும் எதிரெதிர் பொருளுக்கு வைக்காதீர்கள். ஐரோப்பிய வழியினரில் ஆண்கள் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு அந்த இரண்டும் பிரிந்து தெரியாது. நீலமும் ஆரஞ்சும் தெரியும். வட்டத்தோடு சதுரத்தையும் பயன்படுத்தினால் கறுப்பு வெள்ளை அச்சிலும் நிற்கும். பீட்டா பீப்பாய்களில் மட்டும் சதுரத்துக்கு ஏற்கெனவே ஒரு பொருள் உண்டு, அங்கே அது பீட்டா இழையைக் குறிக்கும். ஓஎம்பிஏ என்ற பாக்டீரியப் புரதம் போன்ற எட்டு இழைப் பீப்பாயில் ஒரு இழை சவ்வைக் கடக்கப் பத்து அமினோ அமிலமே போதும், அதிலும் ஒன்றுவிட்டு ஒன்றுதான் கொழுப்பைப் பார்க்கும். 19 சன்னல் அங்கே எதையும் கண்டுபிடிக்காமல் போவது இதனால்தான்.

முப்பரிமாணப் படம் என்றால்

படிக அமைப்பிலிருந்து வரைவதானால் பிடிபி கோப்பை (அணுக்களின் இடங்களைத் தரும் கோப்பு) அப்படியே பைமோல் என்ற முப்பரிமாணப் பட மென்பொருளில் திறந்து, கண் மதிப்பில் திருப்பி, இரண்டு கோடு போட்டுச் சவ்வு என்று சொல்லாதீர்கள். பிடிபி கோப்புக்குச் சவ்வு எங்கே என்று தெரியாது. ஓபிஎம் தரவுத்தளத்தில் அதே அமைப்பு, கணக்கிட்ட சவ்வில் நிறுத்தப்பட்டுக் கிடைக்கும்: சவ்வுக்குச் செங்குத்து இசட் அச்சு, நடுத்தளம் பூஜ்ஜியம், இரு கரைகளும் போலி அணுக்களாக. அவற்றின் அணுப்பெயர் ஒரு பக்கம் ஆக்சிஜன், மறுபக்கம் நைட்ரஜன்; தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து நிறம் கொடுக்கலாம், சிறு புள்ளிகளாகவும் ஆக்கலாம்.

2ஆர்எச்1 என்ற அந்த 2007-இன் அமைப்பில் இன்னொரு விருந்தாளியும் இருக்கிறார். மூன்றாம் உள்வளையம் அசைந்துகொண்டே இருப்பதால் படிகம் ஆகாது என்று அதன் 231 முதல் 262 வரையை வெட்டி, டி4 லைசோசைம் என்ற வேறொரு புரதத்தை ஒட்டினார்கள். கோப்பில் அது 1002 முதல் 1161 வரை எண்ணிடப்பட்டிருக்கிறது. அந்த வரம்பைத் தேர்ந்தெடுத்து மறைத்துவிடுங்கள், அல்லது சாம்பல் நிறம் கொடுத்துச் சொல்லிவிடுங்கள். ஏற்பியின் நிறத்திலேயே விட்டுவிட்ட படத்தைப் பார்க்கும் மாணவர், பீட்டா-2 ஏற்பிக்குச் செல்லுக்குள் பெரிய உருண்டைத் தலை இருப்பதாக எண்ணிவிடுவார். அந்த அமைப்பில் அஸ்பரஜின் 187-க்குப் பதில் குளூட்டமிக் அமிலம் வைக்கப்பட்டிருக்கிறது. சர்க்கரை ஏறும் இடத்தை அந்தக் கோப்பிலிருந்து காட்ட முயன்றால் இல்லாத அஸ்பரஜினைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

வரிசையிலிருந்து வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு மென்பொருளின் மாதிரியில் சிக்கல் வேறு. வளையமும் வாலும் உட்பட 413-உம் இருக்கும். நம்பக மதிப்பு 50-க்குக் கீழே உள்ள பகுதிகள் பெரும்பாலும் ஒழுங்கற்றவை. அவற்றை உருவமாகப் படிக்கக் கூடாது. சவ்வு இருப்பதே அந்த மென்பொருளுக்குத் தெரியாததால், இப்படிப்பட்ட நீண்ட நாடாக்கள் சில மாதிரிகளில் கொழுப்பு இருக்க வேண்டிய இடத்தின் வழியே சாவகாசமாகப் போகும். அவற்றை வெட்டிவிட்டுப் புள்ளிக்கோடு போடுங்கள்.

எந்தப் படத்துக்கும் அடிக்குறிப்பு இன்றியமையாதது. பீட்டா-2-க்கு இப்படி எழுதலாம்: “மனித பீட்டா-2 அட்ரினர்ஜிக் ஏற்பி, யூனிப்ராட் பி07550, 413 அமினோ அமிலங்கள், சிக்னல் பெப்டைடு இல்லை. மேலே செல்லின் வெளிப்புறம். சவ்வு எல்லைகள் யூனிப்ராட்டின்படி. தனி நிற வெளிக்கோடு உள்ளவை 2ஆர்எச்1 அமைப்பில் சவ்வுக்கு வெளியே நீளும் சுருள் பகுதிகள். ஆரஞ்சு: மருந்து ஒட்டும் இடம். நீலச் சதுரம்: சர்க்கரை ஏறும் அஸ்பரஜின்கள். கோடு: டைசல்ஃபைடு. மூன்றாம் உள்வளையத்தில் 231–262 அந்த அமைப்பில் இல்லை; இங்கே வரிசையிலிருந்து மட்டும் வரையப்பட்டது.”